தீர்ப்பு வழங்காத பாடல்கள்: பப்ரீற்சியோ டி அன்ட்ரேயின் ஆக்கங்கள் பற்றிய ஒரு நோக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட இத்தாலியப் பாடலின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1950களின் இறுதிக் கூற்றில் நேர்ந்த ஒரு மாற்றத்தினை முதலிற் குறிப்பிடுதல் வழக்கம். அதுவரை பாடலை எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் இன்னொருவர், பாடுபவர் வேறொருவர் என்ற தொழிற்பிரிவே நிலவியது. 1951ஆம் ஆண்டு தொடங்கிய சான்ரேமோப் பாடல் விழா அத்தொழிற்பிரிவின் ஆண்டுக் கண்காட்சி எனத் தகும். பிரான்சிலே ஜோர்ஜ் பிராசன்ஸ் முதலியோர் காட்டிய நெறியினைக் கண்டு, தாமே எழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடும் இளைஞர் சிலர் ஜெனோவாத் துறைமுக நகரிலே தோன்றினர். ஜீனோ பாவோலி, உம்பேர்த்தோ பிந்தி, லூயிஜி தென்கோ ஆகியோர் அவர்களுட் குறிப்பிடத்தக்கவர். இத்தகையோரைக் குறிக்க இத்தாலிய மொழிக்குக் 'கந்தவுத்தோரே' என்ற புதுச்சொல்லொன்றே வேண்டியதாயிற்று. இவ்வணியில் வயதால் இளையவர் பப்ரீற்சியோ டி அன்ட்ரே (1940–1999). புகழும் அவரைப் பிந்தியே வந்தடைந்தது. ஆயினும், பாடலாசிரியன் ஒருவன் இலக்கிய விமரிசகனின் கவனத்துக்கு உரியவனா என்ற வினா இத்தாலியில் எழுந்தபோதெல்லாம் முதலில் எடுத்துக்காட்டப்பட்ட பெயர்களுள் அவருடையதும் ஒன்றாயிற்று.

'ஒதுக்கப்பட்டோரின் குரல்' என்று அவரைப் போற்றுவது இன்று வாய்பாடாகிவிட்டது. கணிகையர், திருடர், தூக்கிலிடப்பட்டோர், தற்கொலை செய்துகொண்டோர், போதைக்கு அடிமையானோர், நாடோடிகள் என அவருடைய பாடல்களில் நடமாடுவோரின் பட்டியலை நோக்கின் இப்பாராட்டுப் பொருத்தமானதே. எனினும் இப்பாராட்டு ஒரு சிக்கலை மூடி மறைக்கின்றது. டி அன்ட்ரே ஒதுக்கப்பட்டவரல்லர். அவருடைய தந்தையார் ஜெனோவா நகரின் துணை மேயராக இருந்தவர். எரிடானியா என்னும் பெருஞ் சீனி உற்பத்தி நிறுவனத்தின் உயர் நிர்வாகி. வசதி மிக்க வீட்டின் மகன் துறைமுகச் சந்துகளிலே கண்ட துயரினைப் பாடும்போது அது வெறும் இரக்கமாகத் திரிந்துபோதல் மிக எளிது. இரக்கமும் ஒருவகைத் தீர்ப்பே. மேலே நிற்பவனே கீழே நிற்பவன்மீது இரங்குதல் கூடும். இந்த உயரத்தினின்று இறங்குவதற்கு டி அன்ட்ரே எத்தனை ஆண்டுகள் முயன்றார், எத்தகைய கலைவழிகளைக் கையாண்டார், எவ்விடங்களிற் சறுக்கினார் என்பனவே அவரை மதிப்பிடுதற்குரிய வினாக்கள்.

அவர் ஜெனோவாப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றவர். பட்டத்துக்குச் சில பரீட்சைகளே எஞ்சியிருந்த நிலையில் அதனைக் கைவிட்டார். சட்டத்துறை அவரை இழந்ததெனினும் அவர் சட்டத்துறையை விட்டு நீங்கவில்லை போலும்! நீதிபதி, சிறைக்காவலன், தூக்குமேடை, சாட்சி, மன்னிப்பு ஆகியன அவருடைய நாற்பதாண்டுப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருவன. தம் ஆக்கங்களுள் முதலாவதெனத் தாமே ஏற்றுக்கொண்ட 'மிக்கேயின் கதைப்பாடல்' (1961) சிறையிலே தூக்கிட்டுக்கொண்ட ஒருவனைப் பற்றியது. தற்கொலை செய்தவனுக்குத் தேவாலயச் சடங்கு கிடையாது என்பதே அதிலுள்ள வலி. 1967 ஜனவரி 27இல் சான்ரேமோ விழாவின்போது லூயிஜி தென்கோ உயிரை மாய்த்துக்கொண்டார். நண்பரின் மறைவையொட்டி டி அன்ட்ரே எழுதிய 'ஜனவரியில் ஒரு பிரார்த்தனை'யும் அதே வழக்கினையே இறைவனின் சந்நிதிக்குக் கொண்டு செல்கின்றது. தற்கொலையாளரைத் தண்டிப்போரின் நரகம் அவர்களுடைய அச்சத்தில் மட்டுமே உண்டு என்பது அப்பாடலின் வாதம். இறைவன் அவர்களை வரவேற்கவேண்டும் என்பது அதன் வேண்டுகோள்.

இத்தொடக்க காலப் பாடல்களின் அழகு மறுத்தற்கரியது. 'பியேரோவின் போர்' (1964) எதிரிப் படைவீரனைக் கண்டும் சுடத் தயங்கிய ஒருவன் அத்தயக்கத்தினாலேயே இறப்பதைக் கூறுவது. பின்னர் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. 'மரினெல்லாவின் பாடல்' (1964) ஆற்றில் எறியப்பட்ட கணிகை ஒருத்தியைப் பற்றிய பத்திரிகைச் செய்தியினின்று பிறந்தது. அவளுக்கு வேறொரு வாழ்வைப் புனைந்து, மரணத்தையேனும் இனிமையாக்க முயன்றதாக அவரே பின்னர் கூறியுள்ளார். புகழ்பெற்ற பாடகி மீனா அதனைப் பாடிய பின்னரே டி அன்ட்ரே பாடல்களால் வாழலாம் என்ற நிலை தோன்றிற்று. ஆனால் அவ்வினிமையே அப்பாடலின் குறையும் ஆகும். கொலையுண்ட பெண் தேவதைக் கதை நாயகியாகி விடுகின்றாள். கொன்றவன் கதையினின்று நழுவிவிடுகின்றான்.

'ரோஜா வாயாள்' (1967) இதனினும் நுட்பமானது. சான் இலாரியோ என்ற சிற்றூருக்கு வந்து, பணத்துக்காகவன்றி விருப்பத்தினாலேயே காதல் செய்யும் ஒருத்தியை ஊர்ப்பெண்கள் முறையிட்டு வெளியேற்றுகின்றனர். காவலர் அவளைப் புகைவண்டி நிலையத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். அடுத்த நிலையத்திலோ அவளை வரவேற்கக் கூட்டம் திரள்கின்றது. பங்குத்தந்தை அவளைத் திருவுருவப் பவனியிலே தம் அருகிற் கொண்டு செல்கின்றார். நகைச்சுவை கூர்மையானது. எனினும் கேட்பவன் தன்னை அவ்வூர்ப் பெண்களோடு ஒருபோதும் இனங்காண்பதில்லை. பாடகனோடு சேர்ந்து நின்று அவர்களைப் பார்த்துச் சிரிக்கின்றான். தீர்ப்பு மறையவில்லை, குற்றவாளிக் கூண்டில் நிற்போர் மட்டுமே மாறியுள்ளனர்.

இங்கு அவருடைய இசை பற்றியும் சிறிது கூறல் வேண்டும். ஆழ்ந்த, அதிர்வு குறைந்த குரல். கித்தார் நரம்புகளைத் தனித்தனியே மீட்டும் எளிய துணையிசை. ஒரே மெட்டுக்குள் சரணத்தின்மேற் சரணமாகக் கதையைச் செலுத்தும் கதைப்பாடல் அமைப்பு. திருமணமானாலும் தூக்குத் தண்டனையானாலும் மெட்டு மாறுவதில்லை. எங்கே அழவேண்டும் என்று இசை கேட்பவனுக்கு ஆணையிடுவதில்லை. சொல் தீர்ப்புக் கூற முற்படும் இடங்களிலேகூட மெட்டு அதற்கு உடன்படாது விலகி நிற்பதை இத்தகைய பாடல்களிற் காணலாம். இதற்கு மாறாக, 'நாங்கள் எல்லோரும் அரிதின் இறந்தோம்' என்ற பொருள்பட அமைந்த 1968ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஜான் பியேரோ ரெவர்பேரியின் பல்லிய அமைப்பும் குழுப்பாடலும் பெருகியுள்ளன. போதைக்கு அடிமையானோர், தூக்கிலிடப்பட்டோர் முதலியோர் அங்கு வரிசையாக வருகின்றனர். நீதிபதிகளையும் வங்கியாளரையும் நேரே விளித்து அறிவுரை கூறும் பகுதியும் உண்டு. இத்தாலியில் ஒரே கருப்பொருளால் முழுமையாக இணைக்கப்பட்ட இசைத்தட்டுகளுள் இது முன்னோடியாயினும், அதன் கனம் இன்று செவிக்குச் சுமையாகவே உள்ளது.

திருப்புமுனை 1970இல் நேர்ந்தது. மாணவர் கிளர்ச்சியும் தொழிலாளர் போராட்டமும் இத்தாலியை உலுக்கிக்கொண்டிருந்த வேளையில், டி அன்ட்ரே 'நற்செய்தி' என்ற பெயரில் இயேசுவின் கதையைப் பாடினார். இது காலத்துக்கொவ்வாத தப்பியோட்டம் என்று முற்போக்கு நண்பர்கள் கடிந்தனர். வரலாற்றின் மாபெரும் புரட்சியாளர் இயேசுவே என்பது அவர் அளித்த விடை. ஆயின் அவர் ஆண்டது திருச்சபை ஏற்ற நான்கு சுவிசேஷங்களையன்று. விலக்கப்பட்ட ஆகம நூல்களையே ஆதாரமாகக் கொண்டார். ஒதுக்கப்பட்ட மனிதரைப் பாடியவர் ஒதுக்கப்பட்ட நூல்களைத் தேடிச் சென்றமை தற்செயலன்று. இவ்விசைத்தட்டிலே இயேசு பேசுவதில்லை. சுற்றியிருப்போரே பேசுகின்றனர். 'மூன்று தாய்மார்' என்ற பாடலிலே, சிலுவையிலறையப்பட்ட இரு திருடரின் தாய்மார் மரியாளை நோக்கிப் பேசுகின்றனர்: உன் மகன் மூன்றாம் நாள் மீண்டு வருவான், எங்கள் மக்களுக்கோ மீட்சியில்லை, ஆகவே அழும் உரிமை எங்களுக்கே என்பது அவர்களுடைய வழக்கு. 'தீத்தோவின் மரணசாசனம்' இதனினும் ஒரு படி மேற்செல்வது. நல்ல கள்வனாகிய தீத்தோ சிலுவையில் தொங்கியவாறே பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவை தன் வாழ்வில் எவ்வாறு பொருளிழந்தன என்று கூறுகின்றான். ஒவ்வொரு கட்டளைக்கும் அதே சிறு மெட்டே திரும்பத் திரும்ப வருகின்றது. நீதிமன்றப் பதிவேட்டினை வாசிப்பது போன்ற அச்சலிப்பே அதன் வலிமை. தண்டிக்கப்பட்டவன் சட்டத்தை விசாரிக்கின்றான். பாடகன் ஒரு சொல்லும் தன் சார்பிற் கூறுவதில்லை. 'அவன்' என்று பாடியவர் 'நான்' என்று பாடத் தொடங்கினார். இரக்கம் நிற்கவேண்டிய மேடையே அங்கு இல்லாமற் போயிற்று.

அடுத்த ஆண்டில் வெளிவந்த இசைத்தட்டு இவ்வுத்தியை முழுமை பெறச் செய்தது. அமெரிக்கக் கவிஞர் எட்கார் லீ மாஸ்டர்ஸ் 1915இல் வெளியிட்ட 'ஸ்பூன் ரிவர்' தொகுதியில், ஊர் மயானத்தில் உறங்குவோர் தத்தம் வாழ்வைத் தாமே உரைப்பர். பெர்னாண்டா பிவானோ அதனை இத்தாலியில் மொழிபெயர்த்து, பாசிச ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1943இல், வெளியிட்டிருந்தார். டி அன்ட்ரே ஜூசெப்பே பெந்திவோலியோவுடன் இணைந்து ஒன்பது கவிதைகளைத் தெரிந்து, இளைஞராயிருந்த நிக்கோலா பியோவானியின் துணையுடன் இசையமைத்தார். மூலத்திலே ஒவ்வொருவருக்கும் பெயருண்டு. டி அன்ட்ரே அப்பெயர்களை நீக்கி, 'ஒரு வைத்தியன்', 'ஒரு பைத்தியக்காரன்', 'ஒரு நீதிபதி' என்று தொழிலையோ நிலையையோ மட்டும் விட்டுவைத்தார். இசைக்கலைஞன் ஜோன்ஸ் ஒருவனே பெயருடன் எஞ்சுகின்றான். பொருள்தேடியோ பொறாமையாலோ வாழாதவனே தன் பெயருக்கு உரியவன் என்பது இதன் குறிப்பாகலாம்.

இவற்றுள் 'ஒரு நீதிபதி' தனித்து நோக்கத்தக்கது. உயரம் குறைந்தமையால் ஊராரின் கேலிக்கு இலக்கான ஒருவன், இரவிரவாகக் கற்று நீதிபதியாகிப் பழிவாங்குகின்றான். நகையாடியோரைத் தூக்குமேடைக்கு அனுப்பி மகிழ்கின்றான். இறுதியிலோ, எல்லார்க்கும் மேலான நீதிபதியின் உயரம் இன்னதென அறியாமல் முழந்தாளிடுகின்றான். மூன்றாண்டுகட்கு முன்னர் நீதிபதிகளை விளித்து உபதேசித்த அதே பாடகன், இப்போது நீதிபதியின் வாயினுள்ளேயே புகுந்து பேசுகின்றார். ஒதுக்கப்பட்டோரைத் தீர்ப்பின்றி நோக்குதல் ஓரளவு எளிது. ஒதுக்குபவனையும் அவ்வாறே நோக்குதல் அரிது. அவனுடைய கொடுமையைப் பாடல் மறைக்கவில்லை. அக்கொடுமையின் வேரிலும் ஓர் அவமதிப்பு உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

இத்தேர்ச்சிக்குப் பின்னர் வந்த 'ஓர் எழுதுவினைஞனின் கதை' (1973) ஏமாற்றமளிப்பது. 1968 மே மாதப் பாரிஸ் எழுச்சியைக் காலந்தாழ்த்திக் கேள்வியுற்ற எழுதுவினைஞன் ஒருவன் தனியனாக வெடிகுண்டு தயாரிக்கின்றான். குறி தவறிப் பத்திரிகைக் கடையொன்றே சிதறுகின்றது. சிறையில் அவன் 'நான்' என்பதை விட்டு 'நாம்' என்று பேசக் கற்கின்றான். கருத்தளவில் இது முறையான வளர்ச்சியே. ஆனால் அந்த 'நாம்' பாத்திரத்தின் அனுபவத்திலிருந்து எழாமல் ஆசிரியரின் கொள்கையிலிருந்து இறக்கப்பட்டதாகவே ஒலிக்கின்றது. இடதுசாரி விமரிசகர் சிலர் இதனை வன்மையாகச் சாடினர். டி அன்ட்ரேக்கும் இதில் நிறைவில்லை. அவ்வாறாயினும் ஒரு கனவுக் காட்சியில் வரும் நீதிபதி மறக்கவொண்ணாதவன்: குண்டு வைத்தவனுக்கு அவன் நன்றி கூறுகின்றான், பழுதுற்ற உறுப்புகளைக் களைந்து அதிகாரத்துக்கே தொண்டு செய்துவிட்டாய் என்கின்றான். இசைத்தட்டின் மிகச் சிறந்த பாடலோ அரசியலைத் தொடாத பாடல். பிரிந்த துணைவிக்குச் சிறையினின்று எழுதப்பட்ட மடல் அது.

டி அன்ட்ரேயின் மீது சுமத்தப்படும் மற்றொரு குற்றச்சாட்டு, அவர் தனித்து எழுதியது மிகக் குறைவு என்பது. பிராசன்ஸ், லெனார்ட் கோஹன், பொப் டிலன் ஆகியோரின் பாடல்களை மொழிபெயர்த்தார். பிரான்செஸ்கோ டி கிரெகோரி, மாசிமோ புபோலா, பின்னர் மவுரோ பகானி, இவானோ பொசாத்தி என ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு துணையாசிரியர் இருந்தனர். முதனூல், வழிநூல் என்ற பாகுபாட்டினைக் கொண்டு நோக்கின் அவர் பெரிதும் வழிநூலாசிரியரே. இதனை மறுப்பதினும் இதன் பயனைக் காண்பதே தகும். பிறருடைய வாயாற் பேசுவதையே கலையாகக் கொண்ட ஒருவர் பிறருடைய சொற்களையும் தம் சொற்களாக்கிக் கொண்டார். 'எனது' என்ற உரிமையிற் பற்றுக் குறைந்தமையே அவருக்குப் பல குரல்களைத் தந்தது.

இக்கலைக் கொள்கைக்கு வாழ்வே ஒரு சோதனையை வைத்தது. 1970களின் நடுவில் அவர் சார்டீனியாத் தீவின் தெம்பியோ பவுசானியாவுக்கு அண்மையில் நிலம் வாங்கிப் பண்ணை நடத்தத் தொடங்கினார். 1979 ஓகஸ்ட் 27ஆம் திகதி இரவு அவரும் துணைவி டோரி கெட்சியும் அங்கிருந்து கடத்தப்பட்டனர். ஏறத்தாழ நான்கு மாதங்கள் மலைக்காட்டிலே பிணைக்கைதிகளாயிருந்து, 550 மில்லியன் லீரா அளவிலான பணம் செலுத்தப்பட்ட பின், டிசெம்பர் மாதத்தில் விடுதலையாயினர். பணத்தின் பெரும்பகுதியைத் திரட்டியவர் எரிடானியாவில் உயர் பதவி வகித்த அதே தந்தையார். பின்னர் நடந்த வழக்கில், தம்மைக் காவல் காத்தோரை டி அன்ட்ரே மன்னித்தார், திட்டமிட்டோரை மன்னிக்கவில்லை. வறிய இடையரும் வசதி படைத்த சூத்திரதாரிகளும் அவருடைய நோக்கில் ஒருவரல்லர். இவ்வேறுபாடு முக்கியமானது. எல்லாரையும் ஒருசேர மன்னித்தல் பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் அது பொறுப்பினை எங்கும் இல்லாததாக்கிவிடும். பாடல்களில் தீர்ப்பு வழங்க மறுத்தவர் நீதியை மறுத்தவரல்லர் என்பதற்கு அவ்வழக்கே சான்று.

கடத்தலுக்குப் பின் 1981இல் வெளிவந்த, பெயரிடப்படாத இசைத்தட்டில் அந்நான்கு மாதங்களைப் பற்றி நேரே பேசுவது 'சுப்ரமொந்தே விடுதி' ஒன்றுதான். அதிலும் சினமில்லை, பிணைக்கைதிகளை ஒளித்து வைக்கும் மலைப்பகுதியை விடுதியென்று அழைக்கும் கசந்த நகை மட்டுமே உண்டு. மற்றப் பாடல்களிற் சார்டீனிய இடையனும் அமெரிக்கப் பழங்குடியினனும் அருகருகே நிறுத்தப்படுகின்றனர். 1864இல் கொலராடோவின் சாண்ட் கிறீக் ஆற்றோரம் நடந்த படுகொலை ஒரு சிறுவனின் கண்களாற் காட்டப்படுகின்றது. தம்மைச் சிறைபிடித்த மண்ணின் மக்களை அவர் வரலாற்றில் வதைக்கப்பட்டோரின் அணியிலே வைத்துப் பாடியது, அவர் எழுதிய எந்தப் பிரகடனத்தினும் வலியது.

எனினும் ஒரு தடை எஞ்சியிருந்தது. கள்வனும் கணிகையும் தன்மைக் கூற்றிற் பேசியபோதும் அவர்கள் பேசியது பள்ளியிற் கற்ற செந்தர இத்தாலி மொழியே. குரலை அவர்களுக்கு அளித்தவர் நாவை அளிக்கவில்லை. 1984இல் மவுரோ பகானியுடன் சேர்ந்து ஆக்கிய 'கிறூசா டி மா' இத்தடையை நீக்கியது. கடலை நோக்கி மதில்களிடையே இறங்கும் ஒடுங்கிய பாதை என்பது அப்பெயரின் பொருள். ஏழு பாடல்களும் ஜெனோவாப் பேச்சுமொழியில் அமைந்தவை. அரபுச் சொற்களும் கலந்த, பழைய மாலுமிகள் பேசியது போன்ற மொழி அது. ஜெனோவாவுக்கு வெளியே இத்தாலியருள் மிகப் பெரும்பாலோர்க்கு அது விளங்காது. ஊத், சாஸ், புசூக்கி முதலிய கீழை மத்தியதரைக் கருவிகளைக் கொண்டு பகானி இசையை அமைத்தார். வணிக நோக்கில் இது தற்கொலைக்கு ஒப்பான முயற்சி எனப்பட்டது. ஆயினும் அப்பத்தாண்டின் தலைசிறந்த இத்தாலிய இசைத்தட்டுகளுள் ஒன்றாக விமரிசகரால் ஏற்கப்பட்டது.

இங்கே உருவமும் உள்ளடக்கமும் ஒன்றாகிவிட்டன எனலாம். 'பித்திமா' என்ற பாடலிற் பேசுபவன் பழைய ஜெனோவாவிற் கடன்காரரைப் பின்தொடர்ந்து நச்சரிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்டவன், மாலுமியாகவோ உழைப்பாளியாகவோ ஆவதற்கு உடலுரம் இல்லாதவன், எல்லாரும் வெறுப்பவன். அவன் தன்னை நியாயப்படுத்துவதுமில்லை, மன்னிப்பு வேண்டுவதுமில்லை. 'ஞாயிற்றுக்கிழமை' என்ற பாடல், ஒதுக்கிடத்திலே அடைக்கப்பட்டிருந்த கணிகையர் வாரத்தில் ஒருநாள் நகரத்தில் உலாவ விடப்படுவதையும் ஊரார் அவர்களை வசைபாடுவதையும் சித்திரிக்கின்றது. அவர்களால் வரும் வருவாய்கொண்டே துறைமுகத் திருப்பணி நடைபெறுகின்றது என்பதையும் அது மறவாமற் குறிப்பிடுகின்றது. இதனை 'ரோஜா வாயாள்' பாடலோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. பதினேழாண்டு இடைவெளியிற் பொருள் மாறவில்லை. நிற்கும் இடம் மாறியுள்ளது. வசைபாடுவோரின் மொழியும் பாடகனின் மொழியும் இப்போது ஒன்றே. வெளியே நின்று நகைக்க ஒருவருக்கும் இடமில்லை.

அதே இசைத்தட்டிலுள்ள 'சீடோன்' 1982ஆம் ஆண்டு லெபனான் போரைப் பற்றியது. தன் சிறு மகன் தாங்கியின் கீழ் நசுங்கி மாண்டதைத் தந்தையொருவன் பாடுகின்றான். லெபனானியத் தந்தை ஜெனோவாப் பேச்சுமொழியிற் புலம்புதல் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். மத்தியதரைக் கடலின் துறைமுகங்களையெல்லாம் ஒரே சந்தையின் மொழியால் இணைத்த பின்னர், அவ்வையம் கேட்பவனுக்கு எழுவதேயில்லை. அம்மொழி அவனுக்கு விளங்காவிடினும் தாலாட்டும் ஒப்பாரியும் கலந்த அக்குரல் விளங்குகின்றது.

பின்வந்த 'மேகங்கள்' (1990) இசைத்தட்டிலே பேச்சுமொழிகளின் வீச்சு நேப்பிள்ஸ் வரை நீள்கின்றது. அதில் வரும் 'டொன் ரபாயே' என்ற பாடலிற் சிறைக்காவலன் ஒருவன், கைதியாயிருக்கும் கமோராத் தலைவனோடு கோப்பி அருந்தியவாறே அவனிடம் தன் குடும்பத்துக்கு உதவி கேட்கின்றான். அரசு தராததைக் குற்றவாளி தருகின்றான். இருவரும் சிரிப்புக்கு உள்ளாகின்றனர், ஆயினும் அதிகம் நகைக்கப்படுவது அங்கில்லாத அரசே.

இவானோ பொசாத்தியுடன் இணைந்து 1996இல் வெளியிட்ட 'அனிமே சால்வே' அவருடைய இறுதி இசைத்தட்டாயிற்று. நுரையீரற் புற்றுநோயினால் 1999 ஜனவரி 11இல் மிலானில் அவர் காலமானார். ஜெனோவாவில் நடந்த இறுதிச் சடங்கிற் பல்லாயிரவர் கூடினர். அவ்விசைத்தட்டில் ரோமா நாடோடிகளைப் பற்றிய பாடலின் முடிவுப் பகுதி அவர்களுடைய மொழியிலேயே அமைந்துள்ளது. அதனைப் பாடுபவரும் டி அன்ட்ரே அல்லர், டோரி கெட்சியே. பாடகன் தன் மொழியை விட்டுக்கொடுத்ததோடு தன் குரலையும் விட்டுக்கொடுத்து ஒதுங்குகின்றான்.

இறுதிப் பாடலான 'அளவற்ற பிரார்த்தனை' கொலம்பிய எழுத்தாளர் அல்வாரோ மூத்திசின் எழுத்துக்களினின்று ஊக்கம் பெற்றது. பெரும்பான்மையினர்க்கு எதிர்த்திசையிற் பயணஞ் செய்வோர்க்காக அது இறைவனை வேண்டுகின்றது. பெரும்பான்மையினரைப் பற்றி அதிற் கூறப்படுவன கடுமையானவை. நாற்பதாண்டுக் காலம் தீர்ப்பினை ஒத்திவைத்த ஒருவர் இங்கு அதனை ஓரளவு வழங்கிவிடுகின்றார் என்றே கொள்ளல் வேண்டும். 1967இல் தென்கோவுக்காக வேண்டிய பிரார்த்தனையுடன் இதனைச் சேர்த்துக் கேட்பின் வேறொன்றும் புலப்படும். முன்னையதில் இறந்தவர்க்கு வானுலகில் இடம் கேட்கப்பட்டது. வாயிலைத் திறக்கும் அதிகாரம் முழுவதும் இறைவனிடமே விடப்பட்டது. பின்னையதில் இடமும் கேட்கப்படவில்லை, மன்னிப்பும் கேட்கப்படவில்லை. கீழ்ப்படியாத அவ்வூழியரை நினைவிற் கொள்ளுமாறும், நல்லூழ் ஒரு சிறு கவனப் பிசகு போலேனும் அவர்களைத் தொடுமாறும் மட்டுமே அது கேட்கின்றது; கேட்டுவிட்டு, அக்கவனப் பிசகினையே கடமையென்றும் பெயரிடுகின்றது.